கிங்பின்னுக்கு கிரீஸ் அடிச்சியா?



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெளிநாட்டில் வேலை பார்க்கிறீர்கள், எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் நான் பட்ட அவமானமும் வரும். செயலாளர் மன்னிக்கவும்.

நான் 2009-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். இப்போது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கத்தில் வேலை. வேலை என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவது. கையில் ஸ்பேனர் படாது. அந்தக் குறை தீர 2018-ல் ஓர் எம்.ஜி. மிட்ஜெட் வாங்கினேன். 1972-ம் வருஷத்து வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். துணிக் கூரை, 1275 சி.சி. எஞ்சின், எடை சுமார் 700 கிலோ. 1961-லிருந்து 1979 வரை அபிங்டன் என்ற ஊரில் தயாரித்தார்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. ரேக் அண்டு பினியன். ஸ்டியரிங் அத்தனை லேசாக, அத்தனை துல்லியமாக இருக்கும் என்பதற்காகவே அந்தக் காரைக் கொண்டாடுவார்கள்.

என்னுடையது மட்டும் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி இருந்தது.

முதலில் டயரில் காற்றுப் பார்த்தேன். முன்பக்கம் 22 பவுண்டு இருக்க வேண்டும், இருந்தது. அடுத்து, நம்மைப் போன்ற படித்தவர்கள் செய்வதைச் செய்தேன். யோசித்து முடிவு கட்டினேன். "ஸ்டியரிங் இறுக்கம் என்றால் ரேக்கில்தான் கோளாறு." ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்துப் புதுப்பித்த ரேக் வாங்கினேன். இரண்டு சனிக்கிழமை குளிரில் படுத்துக்கொண்டு நானே மாட்டினேன். முன்னைவிட இறுக்கமாகிவிட்டது!

அது முழுக்க என் தப்பு. அந்த வண்டியில் ஸ்டியரிங் தண்டு நேராகப் பினியனில் போய் உட்காருகிறது, நடுவில் யூனிவர்சல் ஜாயிண்ட் இல்லை. தண்டும் பினியனும் ஒரே கோட்டில் இருந்தால்தான் சுழலும். நான் ரேக்கின் பிடிகளை முதலிலேயே முறுக்கிவிட்டுத் தண்டை அதில் திணித்திருந்தேன். எல்லாவற்றையும் தளர்த்தி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ரேக் தானாக இடம் பார்த்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியபோது அந்த இறுக்கம் போனது. பழைய இறுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. சரி, பழைய கார் என்றால் இப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன்.

விட்டது எவ்வளவு பெரிய தவறு என்பது 2019 கோடையில் தெரிந்தது. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரவுண்டானாவிலிருந்து இடப்பக்கம் வெளியேறும்போது, ஸ்டியரிங் தானாக நேராகிவிடும் என்று பழக்கதோஷத்தில் கையைத் தளர்த்தினேன். அது திரும்பவில்லை. ஒடித்த நிலையிலேயே நின்றது. நான் சுதாரித்து இழுப்பதற்குள் முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கியது. நல்ல வேளை, அந்த இடத்தில் யாரும் நடக்கவில்லை. இருபது அடி தள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நின்ற வண்டியில் இரண்டு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார்.

"டேய், கிங்பின்னுக்கு கிரீஸ் அடிச்சியா?"

"அப்பா, அது பஸ்ஸுக்கும் லாரிக்கும்தான்ப்பா. காருக்கெல்லாம் பால் ஜாயிண்ட்."

"அப்படியா? சரி" என்று இறங்கிப் போய்விட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டை முதல்முறையாக முன்சக்கர அத்தியாயத்தில் திறந்தேன். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, கிங்பின்! பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். கிங்பின்னுக்கு இரண்டு, கீழே விஷ்போனோடு சேர்கிற பின்னுக்கு ஒன்று.

நண்பர்களே, நம் ஆட்டோமொபைல் லேபில் சிவப்பும் நீலமும் அடித்து, குறுக்கே வெட்டி வைத்திருந்த லாரி முன் ஆக்ஸில் ஞாபகம் இருக்கிறதா? கிங்பின் சாய்வுக் கோணம் என்றால் என்ன என்பது நமக்கு இரண்டு மார்க் கேள்வி. நான் படம் போட்டே எழுதியிருக்கிறேன். மிட்ஜெட்டுக்கு அந்தக் கோணம் ஆறே முக்கால் டிகிரி, காஸ்டர் மூன்று டிகிரி என்று இப்போதும் சொல்வேன். அந்தப் பின் சுழல்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பாவும் நானும் சேர்ந்து முன்பக்கம் முழுவதையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஒரு விரலால் ஸ்டியரிங் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஆகவே டயரும் தரையும் காரணமில்லை, எங்கோ உராய்வு. அடுத்து இரண்டு பக்கமும் டை ராட் எண்டைக் கழற்றினோம். இப்போது ஸ்டியரிங்கைச் சுற்றினால் ரேக்கும் தண்டும் மட்டும்தான் சுழலும். வெண்ணெய் மாதிரி சுற்றியது. பிறகு சக்கரங்களைக் கையால் பிடித்துத் தனித்தனியே திருப்பினோம். வலது சக்கரம் சுமார். இடது சக்கரத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. இவ்வளவுதான் சோதனை. முக்கால் மணி நேரம், செலவு ஒரு பென்னி இல்லை. ரேக் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்காக ஒரு விஷயம். ஸ்டியரிங் இறுக்கமாக இருப்பதும் தானாக நேராகாமல் இருப்பதும் வேறு வேறு தகவல். காற்றுக் குறைவு, அகல டயர் என்றால் வண்டியை நிறுத்தி எடுக்கும்போதுதான் கை வலிக்கும், வேகம் எடுத்தால் பெரும்பாலும் லேசாகிவிடும். உராய்வு என்றால் எல்லா வேகத்திலும் இருக்கும், திரும்பி வருவதையும் தின்றுவிடும். கிங்பின்னை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையில் பதியும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். தள்ளுவண்டிச் சக்கரம் பின்னால் இழுபட்டு நேராகிறதே, அதே சங்கதி. அந்த இழுப்பின் பலம் முன்சக்கரங்களின் மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது. மிட்ஜெட்டில் அது ஏறக்குறைய 350 கிலோதான். கனமான வண்டி என்றால் கொஞ்சம் உராய்வை மீறி நேராகிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியாது. லேசான வண்டியில் மீறுவதற்குப் பலம் இல்லை. லேசான கார் என்பதால் இந்தக் கோளாறு பெரிதாக இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். உண்மை நேர்தலைகீழ்.

இடது பக்க நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கியது. வருஷக்கணக்கில் கிடந்த பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து வழியை அடைத்திருந்தது. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு காட்டி, டீசல் விட்டுப் பார்த்தோம். கொஞ்சம் விட்டுக்கொடுத்ததே தவிர சரியாகவில்லை. பிரித்தே ஆக வேண்டும். அங்கே சுருள் வில் முழு அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை அடக்காமல் கழற்றினால் ஆளை அடித்துவிடும். கீழ்த்தட்டுக்கு ஜாக்கி கொடுத்து, நீள போல்ட் போட்டு மெதுவாக இறக்க வேண்டும். அந்த விஷயத்தில் அப்பா என்னை அவசரப்பட விடவில்லை. கீழ் பின் விஷ்போனோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. கடைசியில் விஷ்போனையே புதிதாக வாங்கினேன். புதிய புஷ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும். என்னிடம் அந்தக் கருவி இல்லை, பட்டறையில் கொடுத்தேன். வலது பக்கத்தையும் கையோடு மாற்றினேன். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆன செலவு அந்த ரேக்கின் விலையைவிடக் குறைவு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கார்களுக்கு வருடாந்தரச் சோதனை உண்டு. 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வாங்கியது அதற்குப் பிறகு. சட்டப்படி என் வண்டியை யாரும் பார்க்க வேண்டியதில்லை, யாரும் பார்க்கவுமில்லை. இப்போது விலக்கு இருந்தாலும் நானே வருடா வருடம் பணம் கட்டிச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். கிரீஸ் 1000 மைலுக்கு ஒரு தடவை. அடிக்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கிவிட வேண்டும், பாரம் இருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. இதுவும் அப்பா சொன்னதுதான்.

வேலை முடிவதற்குள் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. மறுபடி 2022-ல்தான் வந்தார். பெட்டியை இறக்கிவிட்டு நேரே காரிடம் போனார். வீட்டு வாசலில் மெதுவாக உருட்டச் சொல்லி, வெளியே நின்று ஜன்னல் வழியாக ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டார். அது திரும்பி வந்து நேரானது. "ம்" என்றார். அப்புறம், "கிரீஸ் கன் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டார்.