பல்லுக்கும் ஒரு படிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்திருக்கும் சபையிலே பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நன்றாகச் சிரியுங்கள், பல் தெரிந்தால் நமக்கு இன்னும் வசதி.

நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தவர்களல்லர். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஆசாரக்கோவை, விடியலிலே குச்சியால் பல் துலக்கி, கண் கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழவேண்டும் என்று முறை வகுத்திருக்கிறது. ஆலும் வேலும் வளராத இந்தக் குளிர் மலைக்கு வந்த பின்னர் குச்சி போயிற்று. அடுப்புக் கரியும் உப்பும் ஆட்காட்டி விரலும் மிஞ்சின. பலருக்கு அவையும் மிஞ்சவில்லை.

இனி, உங்களில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு செய்தியைச் சொல்லுகிறோம். 1970ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பல்வைத்தியப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் நமது நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தார்கள். பூண்டுலோயாப் பக்கத்திலுள்ள டன்சினன், ஹரோ என்னும் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பரிசோதித்தார்கள். எல்லாரும் 14 வயது முதல் ஏறக்குறைய 30 வயது வரையிலானவர்கள். பல் துலக்கும் வழக்கமும் பல்வைத்தியமும் எட்டாத மக்களிடத்தில் ஈற்று நோய் தன் போக்கில் எப்படி வளர்கிறது என்று காண்பதே அவர்களுடைய நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, 1969இலேயே நோர்வேயில் மாணவரையும் கல்விமான்களையும் சேர்த்திருந்தார்கள். 1985 வரை இத்தோட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, அதே ஆட்களைத் தேடிப் பிடித்து அளவெடுத்தார்கள்.

1986இல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 11 பேரிடம் நோய் முன்னேறவில்லை. 81 பேரிடம் மெல்ல மெல்ல முன்னேறியது. மீதி 8 பேரிடம் காட்டுத் தீயாகப் பரவியது. இந்த எட்டுப் பேர் கூட்டத்தார் 40 வயதில் சராசரி 20 பற்களை இழந்து, 45 வயதில் பொக்கை வாயராகி விட்டார்கள். அவர்களிடம் பூச்சிப்பல் அநேகமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பல் சொத்தையாகி விழவில்லை; பிடித்திருந்த ஈறும் எலும்பும் கரைந்ததால் விழுந்தது. 2010இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் தேடியபோது அவர்களில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது.

உலகத்தில் எங்கே பற்சுகாதாரம் படித்தாலும் இந்த ஆராய்ச்சி பாடத்தில் வந்துவிடும். “இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்” என்பது அந்தத் துறையிலே பிரசித்தி பெற்ற சொற்றொடர். நம் பாட்டன்மாரின் ஈறு உலகத்துக்கே பாடமாகியிருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்க நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அளவெடுத்துப் போனார்களே, வைத்தியம் செய்தார்களா என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். நோயின் இயற்கைப் போக்கைப் பார்க்கும் ஆராய்ச்சியென்றால் குறுக்கே மருந்து நுழையாது. இந்தக் காலத்தில் அப்படி ஓர் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆயினும் அவர்கள் வருவதற்கு முன்னமே அங்கே பல்வைத்தியம் இருக்கவில்லை என்பதுதான் நம் மனத்தைச் சுடுகிறது. இன்னொன்று: கொழுந்தெடுக்கும் பெண்களின் வாயை அவர்கள் பார்க்கவேயில்லை. நம் தாய்மார் என்ன, ஆண்களுக்குக் குறைவாகவா வெற்றிலை போடுகிறார்கள்?

இதே லோ என்பவர் 1965இல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஊசியில்லை, மருந்தில்லை. ஆகவே நமக்கு முதலில் வேண்டியவர் பல் பிடுங்குகிறவர் அல்லர். பக்கத்தில் இருந்து பார்த்து, சுரண்டிச் சுத்தம் செய்து, சொல்லிக் கொடுக்கிறவர்.

அப்படிப்பட்டவரை உருவாக்கலாம் என்று முதலில் துணிந்தவர் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல்வைத்தியர் அல்பிரட் போன்ஸ். 1906இல் தம் உதவியாளராகிய ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு அந்தத் தொழிலைப் பழக்கினார்; 1913இல் தம் வீட்டு வண்டிக் கொட்டகையிலே வகுப்புத் தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் அந்நகரத்துப் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள். இன்று அது அமெரிக்காவில் பட்டப் படிப்பு. கொட்டகையில் தொடங்கியது என்பதை மாத்திரம் நம் சங்கத்தார் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நியூசிலாந்து 1921இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே இளம் பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. அந்நாட்டின் உதவியோடு 1955இல் நம் நாட்டிலும் மகரகமையில் ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலாரைக் குடியுரிமை அற்றவராக்கிவிட்ட காலம் அது. நாடே சொந்தமில்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? அந்த வழக்கு முழுவதும் தீர 2003 வரை சென்றது. வாசல் திறந்தும் நாம் உள்ளே போகாததற்கு இப்போது அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

படிப்பு இலேசானது என்று நினைக்க வேண்டாம். முகத்தெலும்பு, நரம்பு, இரத்தவோட்டம், வாயிலே குடியிருக்கும் கிருமிகள், கதிர்ப்படம், போசாக்கு எல்லாம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலே மெல்லிய அளவுகோலை விட்டு மில்லிமீற்றர் கணக்கில் ஆழம் பார்க்கக் கை பழக வேண்டும்; மூன்றுக்கு மேல் போனால் எச்சரிக்கை. நீரிழிவு ஈற்றைக் கெடுப்பதும், கெட்ட ஈறு நீரிழிவை அடங்கவிடாததும் அங்கே ஒரு பெரிய அத்தியாயம். அப்புறம் பாக்கு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராவிட்டாலும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று கூறிவிட்டது. சுவாமிக்கு வைக்கும் தாம்பூலத்தை நாம் குறை சொல்லவில்லை. பிரட்டுக்களம் தொடங்கி அந்திவரை கன்னத்தில் அடக்கி வைப்பதைச் சொல்லுகிறோம். இதைத் தோட்டத்து அம்மாவுக்கு யார் சொல்ல முடியும்? பிள்ளைக் காம்பராவுக்குப் போய், போத்தலில் சீனித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்காதே அக்கா என்று யார் சொன்னால் கேட்பார்கள்? நம் பேச்சைப் பேசுகிற நம் பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தவர் எச்சிலில் கைவைக்கும் தொழில் நமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் நம்மிடமே கேட்டார். மரியாதையோடு சொல்லுகிறோம்: வாயிலே நீரை முகந்து வந்து திருமஞ்சனம் செய்த கண்ணப்பரை அறுபத்து மூவரில் வைத்துக் கும்பிடுகிற நாம், எச்சிலுக்கு அஞ்சலாமா? மிஷன் பாடசாலையில் நாம் படித்த நாட்களில் காலை வரிசையிலே நகமும் பல்லும் பார்ப்பார்கள். அதை அவர்கள் மார்க்கத்துக்காரர் செய்யும் வேலையென்று நம்மவர் விட்டுவிட்டார்கள். சைவப் பிள்ளையின் பல் மாத்திரம் தானாக வெளுக்குமா?

நம் பிள்ளைகளுக்கு முன்னால் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மகரகமைப் பயிற்சி. மற்றொன்று பேராதனைப் பல்மருத்துவ பீடம். கொழும்பில் 1943இல் தொடங்கிய படிப்பே பின்னர் அங்கே மாறியது. இரண்டுக்கும் உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும். பேராதனைக்கு உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இங்கேதான் நம் தேர் நிலை பெயராமல் நிற்கிறது. தமிழில் இம்மூன்றையும் உயர்தரத்துக்குக் கற்பிக்கும் பாடசாலை தோட்டப் பிள்ளைகள் பலருக்கு நடக்கிற தூரத்தில் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் சாதாரண தரம் சித்தியடைந்ததும் கலைப் பிரிவில் சேருகிறது. விருப்பத்தினாலன்று, பஸ் காசினால். ஒரு நாள் பேர் போனால் அடுப்பு எரியாத வீட்டிலே மாதம் முழுவதும் பஸ் காசு எங்கிருந்து வரும்?

ஆதலால் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு விழாவிலே பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு செய்த கணக்கு காரியதரிசியிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒலிபெருக்கியில் ஒன்றைக் குறைத்து, விஞ்ஞானம் படிக்க விரும்பும் ஒரு பெண் பிள்ளைக்கும் ஓர் ஆண் பிள்ளைக்கும் நுவரெலியா நகரத்துக்குப் போய்வர இரண்டு வருடப் பஸ் காசு ஒதுக்குங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்திலேயே பெயர் எடுக்க வேண்டும். தாமதித்தால் பிள்ளை வேறு பிரிவில் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்த பின்னர், அதே மண்டபத்தில் உயிரியல் பாடம் சொல்லிக் கொடுக்க, விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் நாம் வருகிறோம்.