அடி நம்மளது, பேரு யாருது?

(சேதராப்பட்டில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சாவுக்குப் பறையடிச்சா இழிவு. அதே அடி சினிமாவுல வந்தா 'குத்துப்பாட்டு', காசு. இந்த வித்தை நம்மகிட்ட மட்டும் நடக்கலை. அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டெட்ராய்ட், கார் ஆலைகளின் நகரம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். மிஞ்சிய நகரத்தில் பெரும்பான்மை கறுப்பின மக்கள். 1980-களில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்ற கறுப்பின இளைஞர்கள் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்து உண்டாக்கியதுதான் டெக்னோ. நம்ம தொழிற்பேட்டையில ஷிப்டு பார்க்கிறவங்களுக்கு அது அந்நியமா இருக்காது. மெஷின் ஓடுற மாதிரி நிற்காத அடி.

அங்கே 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்று ஒரு குழு. ஜெஃப் மில்ஸும் மைக் பேங்க்ஸும் தொடங்கியது. முகத்தை மூடிக்கொண்டு மேடையேறுவார்கள். தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள், தாங்களே விற்றார்கள்.

1999-இல் அந்தக் குழுவின் ரொலாண்டோ 'நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்' என்ற தட்டை வெளியிட்டார். மெக்சிகோ வம்சாவளிக்காரர். உலகமெங்கும் அது ஆட்டக்களங்களில் ஒலித்தது. உடனே சோனி கம்பெனியின் ஜெர்மன் கிளை, அனுமதி இல்லாமலே, அச்சு அசலாக இன்னொரு பதிவு செய்தது. மெட்டு அதேதான், செய்தவர்கள் வேறு. மின்னஞ்சலில் எதிர்ப்புக் குவிந்தது. சோனி பின்வாங்கியது. அதோட விட்டாங்களா? பி.எம்.ஜி. என்ற இன்னொரு கம்பெனி அதைக் கையில் எடுத்தது. எழுதியவருக்கு ஒரு தொகை கட்டினால் மறுபதிவு செய்யலாம் என்பது இசை வணிகத்தின் வழக்கம். திருட்டுக்கும் ரசீது உண்டு தோழர்களே!

நம்ம பக்கம் வாங்க. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஒலித்தது. எழுதி, உடன் பாடியவர் அறிவு. ஆனால் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகுதான் அறிவுக்கு இணைய அட்டை வந்தது.

இரண்டிலும் நான் பார்ப்பது இதுதான். பாட்டைப் பறிக்கிறவன் முதலில் பறிப்பது பெயரை. பெயர் போனால் கூலி போகும். கூலி போனால் அடுத்த தலைமுறை அந்தக் கருவியைத் தொடாது.

அதனால் நம்ம கலைஞர் அடிக்கிறதைச் செல்போனில் எடுத்தால், அடிக்கிறவர் பேரையும் ஊரையும் கேட்டு அதோடு போடுங்கள். பதிவுகளை நாமே வைத்துக்கொள்வோம். கேட்டால் கொடுப்போம், பறித்தால் எதிர்ப்போம்.