கணினிக் காவலுக்கு இட்ட மதிப்பெண்

(பிச்சாட்டூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்கு முன் பேசிய அன்பர்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கினார்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ கணினியைக் காக்கும் ஆன்டிவைரஸ். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் இதைப் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். அந்த மென்பொருளை எழுதும் வித்தையை நாம் அறியோம். பிறர் அதற்கு இட்ட மதிப்பெண்ணைப் படிப்பது மட்டுமே இன்றைய வேலை. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம்.

இந்தச் சிற்றூருக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டா. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் தா என்று திரையில் மிரட்டிற்று. அடுத்த நாளே ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின என்று செய்தி வந்தது. அம்மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. அப்போது நம் பிச்சாட்டூர் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. காவல் நிலையத்துக்குள்ளேயே திருடன் புகுந்தான் என்றால், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும், மகள் திருமணப் படங்களும், ஓய்வூதியக் கணக்கும் இருக்கும் நம் வீட்டுக் கணினி எம்மாத்திரம்?

ஆகவே நம் காலனியில் பல குடும்பங்கள் ஆண்டுதோறும் பணம் கட்டி ஆன்டிவைரஸ் வாங்குகின்றன. பெட்டியின் மேல் ‘100 சதவீதப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த நூறு எதில் நூறு என்று கேட்டவர் நாம் அறிய ஒருவரும் இலர்.

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கள்ள நோட்டு ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. நீட்டப்படும் ஒவ்வொரு நோட்டையும் “செல்லாது” என்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டால் கள்ள நோட்டைத் தடுத்ததில் அவனுக்கு நூற்றுக்கு நூறு! ஆனால் நல்ல நோட்டு வைத்திருந்த பயணிகள் அனைவரும் டிக்கெட்டின்றி நிற்பார்கள். இன்னொருவன் ஒவ்வொரு நோட்டையும் பூதக்கண்ணாடி வைத்து ஐந்து நிமிடம் பார்க்கிறான். தவறே செய்யமாட்டான், அதற்குள் வண்டி போய்விடும். ஆகவே ஒரு குமாஸ்தாவை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும்: கெட்டதைத் தடுத்தானா? நல்லதைத் தடுக்காமல் விட்டானா? வரிசையை நகர்த்தினானா?

ஜெர்மனியில் மாக்டபர்க் நகரிலுள்ள ஏ.வி.-டெஸ்ட் என்னும் ஆய்வுக்கூடம் ஏறத்தாழ இம்மூன்றையே கேட்கிறது. பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பயன்பாட்டுக்கு 6, ஆக 18. ‘பயன்பாடு’ என்றதும் பொத்தான்கள் அழகாக இருக்கின்றனவா என்று பார்ப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அங்கே முக்கியமாக எண்ணப்படுவன பொய் எச்சரிக்கைகளே. அதாவது திருப்பிக் கொடுத்த நல்ல நோட்டுகள். இதை அற்பம் என்று தள்ள வேண்டா. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு திருத்தம், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. பல நாடுகளில் கணினிகள் எழுவதும் விழுவதுமாய்த் தவித்தன. அன்று கேடு விளைத்தது காவற்காரனே.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏ.வி.-கம்பாரட்டிவ்ஸ் என்று மற்றோர் ஆய்வுக்கூடம் உண்டு. பொய் எச்சரிக்கை மிகுந்தால் நன்றாகத் தடுத்த மென்பொருளுக்கும் அங்கே விருது ஒரு படி இறங்கும். அதன் பட்டியலில் வீட்டார் கவனிக்க வேண்டிய ஒன்று, ‘பயனரைப் பொறுத்தது’ என்னும் பகுதி. மென்பொருள் தானே முடிவு செய்யாமல், “இதை விடவா, தடுக்கவா?” என்று நம்மைக் கேட்ட இடங்கள் அவை. ஆய்வுக்கூடம் அவற்றுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கிறது. நம் வீட்டில் அந்தக் கேள்வி வரும் நேரம் கணினி முன் இருப்பது யார்? விளையாட்டு இறக்கிக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பையன்! அவன் எந்தப் பொத்தானை அழுத்துவான் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? சிறுவர் உள்ள வீட்டார் அந்தப் பாதியைச் சுழியமாகவே எண்ணிக்கொள்வது நலம்.

இனித் தசமப் புள்ளிகளுக்கு வருவோம். ஒன்றுக்கு 99.5, மற்றொன்றுக்கு 99. உடனே முதலாவதை வாங்க ஓடுகிறோம். ஒரு தேர்வில் 400 தாக்குதல்கள் என்று கொண்டால், முன்னது தவறவிட்டது 2; பின்னது 4. அடுத்த தேர்வில் இது தலைகீழாகலாம். அத்தகைய நெருக்கமான எண்களை ஏ.வி.-கம்பாரட்டிவ்ஸே ஒரே கூட்டமாகத்தான் தொகுக்கிறது. முதலிடம் யாருக்கு என்பதைவிட, ஓரிரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து மேல் வரிசையில் நிற்பவர் யார் என்று பார்ப்பதே பயன் தரும். நம் நாட்டுச் சரக்குகளான சென்னை ‘கே7’, புனே ‘குயிக் ஹீல்’ ஆகியவையும் இவ்வாய்வுகளுக்கு வந்திருக்கின்றன. ஊர்ப்பற்றுக்காக மதிப்பெண் கூட்ட வேண்டா, பார்த்து வாங்குங்கள்.

தேர்வு எழுதியவனும் வேலைக்கு வந்தவனும் ஒருவனேதானா என்றும் கேட்க வேண்டும். சீனாவின் ‘கிஹூ 360’ நிறுவனத்துக்கு 2015ஆம் ஆண்டு அளித்த சான்றுகளை ஏ.வி.-டெஸ்ட், ஏ.வி.-கம்பாரட்டிவ்ஸ், இங்கிலாந்தின் வைரஸ் புல்லட்டின் ஆகிய மூன்றும் சேர்ந்து திரும்பப் பெற்றன. ஆய்வுக்கு அனுப்பிய பதிப்பில் ஒரு பொறி இயங்கிற்று. மக்கள் வீட்டில் வழக்கமாய் இயங்கியதோ வேறு. தேர்வறைக்கு ஆள் மாற்றி அனுப்பும் விவகாரம் நாம் புதிதாய்க் கேள்விப்படுவதன்று! எனவே தேர்வானது இலவசப் பதிப்பா, விலைப் பதிப்பா, எந்த விண்டோஸில், எந்த மாதத்தில் என்பதை முடிவின் தலைப்பிலேயே பார்த்துவிடுங்கள். பெட்டியில் ஒட்டிய பதக்கம் பழைய ஆண்டினதாயின் அது பழைய காலண்டர்தான்.

பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்பது முறையே. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் காவல் உடன் வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஏ.வி.-டெஸ்டில் பலமுறை முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது எம் கருத்து. மிச்சமாகும் பணத்தில் வெளித் தகடு ஒன்று வாங்கி, படங்களையும் சான்றிதழ்களையும் மாதம் ஒருமுறை படியெடுத்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் கோப்பைப் பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரு மாதம் அது போடப்படாமல் கிடந்த கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. ஆய்வுக்கூடமோ திருத்தங்கள் போட்ட கணினியில் தேர்வு நடத்துவது வழக்கம். விண்டோஸ் 10க்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்னும் அதை வைத்திருப்போர் ஆன்டிவைரஸின் மதிப்பெண்ணை அப்படியே தம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் தொலைபேசிக் குரலையும் இத்தேர்வுகள் அளப்பதில்லை. அக்குரலைத் தடுக்கும் ஆன்டிவைரஸ் வீட்டிலுள்ள பெரியவர்தாம்.

விழா முடிந்தபின் நாம் பந்தலின் பின்புறம் இருப்போம். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமோ, ஆன்டிவைரஸ் பெட்டியோ வைத்திருப்போர் கொண்டுவந்து காட்டினால், எந்த ஆண்டுத் தேர்வு, எதில் நூறு என்று சேர்ந்து பார்க்கலாம்.