‘ஓல்ட்’ என்னும் ஒரு சொல்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



எமது சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் மூன்று சொற்கள் உள்ளன: ஓல்ட், கேர்ள்ஸ், அசோசியேஷன். முதலாவது சொல்தான் எப்பொழுதும் சிரிப்பையும் சிணுங்கலையும் தருகிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியேறும் 19 வயதுப் பிள்ளையிடம் அங்கத்துவப் படிவத்தை நீட்டினால், “எனக்கு இன்னும் வயதுபோகேல்லையே அக்கா” என்கிறாள். 80 வயதைக் கடந்த அக்காமாரோ ‘கேர்ள்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெயரை மாற்றி ‘அலும்னே’ என்று வைப்போமா என்ற கேள்வியும் எம்மிடையே எழுந்திருக்கிறது. மாற்றுவதா விடுவதா என்று தீர்மானிக்க முன்னர், அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆங்கிலத்தில் ‘ஓல்ட்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் இரண்டு வரும். ஆட்களுக்கு ‘யங்’, பொருட்களுக்கு ‘நியூ’. ஒரே சொல் முதியவர் பக்கமும் நிற்கிறது, பழைய சாமான் பக்கமும் நிற்கிறது. இன்னொரு இடத்தில் அது முதுமையையே குறிப்பதில்லை. பிறந்து மூன்று நாளான குழந்தையையும் ‘த்ரீ டேய்ஸ் ஓல்ட்’ என்பார்கள். அங்கே அது வெறும் அளவுகோல்.

பிறகு ‘முன்னைய’ என்ற பொருள். ‘மை ஓல்ட் ஹவுஸ்’ என்றால் இடிந்த வீடு என்றில்லை. முன்னர் நாம் குடியிருந்த வீடு. அது நேற்றுக் கட்டிய வீடாகவும் இருக்கலாம். ‘ஓல்ட் கேர்ள்’ என்பதிலுள்ள ‘ஓல்ட்’ இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே நேற்று வெளியேறிய பிள்ளையும் இன்று பழைய மாணவிதான். அவளின் வயதை நாம் கேட்கவே இல்லை.

‘ஓல்ட் ஃபிரெண்ட்’ என்றால் வயதான சிநேகிதி அல்ல, நெடுநாட் சிநேகிதி. ‘ஓல்ட் ஹேண்ட்’ என்றால் கைதேர்ந்தவர். ‘குட் ஓல்ட்’ என்று சேர்த்துச் சொன்னால் அதில் வயதும் இல்லை, காலமும் இல்லை. வாஞ்சை மட்டுமே உண்டு. ‘எனி ஓல்ட் சாறி’ என்றால் ஏதோ ஒரு சாறி, எதுவென்றாலும் பரவாயில்லை. புலம்பெயர்ந்தோர் தாம் விட்டு வந்த நாட்டை ‘ஓல்ட் கன்ட்றி’ என்பார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இச்சொல் பெண்களிடம் எப்பொழுதும் அன்பாக நடந்துகொண்டதில்லை. திருமணமாகாத பெண்ணை ‘ஓல்ட் மெயிட்’ என்று ஏளனம் செய்தார்கள். மூடநம்பிக்கையை ‘ஓல்ட் வைவ்ஸ் டேல்ஸ்’ என்று கிழவிமார் தலையில் கட்டினார்கள். 1797 இல் ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் கேலிச்சித்திரம் ஒன்றிலே இங்கிலாந்து வங்கியை ஒரு முதிய சீமாட்டியாக வரைந்தார். அந்த வங்கிக்கு ‘ஓல்ட் லேடி’ என்ற பட்டப்பெயர் இன்றும் இருக்கிறது. எமது பாடசாலைகளில் ஒருகாலத்தில் மணம்முடிக்காமல் வாழ்நாள் முழுவதையும் பிள்ளைகளுக்கே கொடுத்த ஆசிரியைகள் பலர் இருந்தார்கள். உலகம் ஏளனமாகச் சொன்ன அதே சொல்லை மாணவிகள் தமது சங்கங்களின் பெயரிலே முதற்சொல்லாக வைத்துத் தலைநிமிர்ந்து நின்றார்கள். அதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி அச்சொல்லின் வேருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இது ‘அல்ட்’, ‘ஏல்ட்’ என்று வழங்கியது. ஜேர்மன் மொழியில் இன்றும் ‘அல்ட்’. இவற்றின் ஆதி வேருக்கு ‘வளர்தல்’, ‘ஊட்டி வளர்த்தல்’ என்பதே பொருள் என்று மொழியியலாளர் கூறுவர். அதாவது ‘ஓல்ட்’ என்பதன் முதற்பொருள் தேய்ந்தது என்பதல்ல, வளர்ந்தது என்பதே. அதே வேரிலிருந்து இலத்தீனில் ‘அலெரே’ என்ற வினைச்சொல் பிறந்தது. ஊட்டி வளர்த்தல் என்பது பொருள். ஊட்டி வளர்க்கப்பட்ட பெண்பிள்ளை ‘அலும்னா’. பலர் என்றால் ‘அலும்னே’. கல்விக்கூடத்தை ‘அல்மா மாற்றர்’, ஊட்டி வளர்க்கும் தாய், என்று சொல்வதும் இதே வழியில் வந்தது.

ஆகவே, சகோதரிகளே, ‘ஓல்ட்’ வேண்டாம் ‘அலும்னே’ வேண்டும் என்று வழக்காடுபவர்கள் ஒரே வீட்டின் இரு வாசல்களில் நின்று வாதாடுகிறார்கள். இரண்டு சொற்களும் உடன்பிறப்புக்கள். ‘வேர்ள்ட்’ என்ற சொல்லினுள்ளும் இதே உறவுச்சொல் ஒளிந்திருக்கிறது. ‘வேர்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் மனிதன். அதனுடன் வயது அல்லது காலம் என்ற பொருள்தரும் சொல் சேர்ந்து, மனிதனின் காலம் என்ற பொருளிலே உலகம் என்ற சொல் உருவாகியது.

தமிழில் எம்மிடம் ஒன்றல்ல, பல சொற்கள் உள்ளன. முதிய தாய், மூத்த அக்கா, பழைய சட்டை, பண்டைய நகரம், முன்னாள் அதிபர். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் காதுக்கே ஒவ்வாது. தமிழ்நாட்டில் ‘முன்னாள் மாணவர்’ என்பார்கள். இலங்கையில் நாம் ‘பழைய மாணவர்’ என்கிறோம். ‘முன்னாள்’ என்றால் அந்த நிலை முடிந்துவிட்டது. ‘பழைய’ என்பதோ பழகுதல், பழக்கம் என்ற சொற்களோடு ஓரினமானது. பழைய மாணவி என்றால் இந்த முற்றத்தோடும் மணியோசையோடும் பழகியவள். பழக்கம் முடிவதில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு இதில் சேர உரிமை உண்டோ” என்று தயங்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புவரை மட்டும் இங்கே படித்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது புத்தகப்பையை விட்டுவிட்டுப் போய், திரும்ப இந்த வகுப்பறைக்கு வராதவர்கள். வேறு ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இரண்டு தவணை மட்டும் எம்மோடு வாங்கில் இருந்தவர்கள். விடுகைப் பத்திரம் எரிந்தவர்கள், தொலைத்தவர்கள். சோதனை எழுதாமலே கப்பலேறியவர்கள்.

இவர்களுக்கு அச்சொல்லே பதில் சொல்கிறது. ‘ஓல்ட்’ என்பது சித்தியடைந்தாயா என்று கேட்பதில்லை. எத்தனை வருடம் என்றும் கேட்பதில்லை. முன்னொருநாள் நீ இங்கே இருந்தாயா, இந்த வீடு உனக்கு ஊட்டியதா என்று மட்டுமே கேட்கிறது. ஆம் என்றால் அவள் எமது பழைய மாணவி. பத்திரம் இல்லாதவளுக்கு, அவளோடு ஒரே வகுப்பில் இருந்த இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று நாம் இன்று முன்மொழிகிறோம். பெயர் இருந்தபடியே இருக்கட்டும், பதிவேடு திறக்கட்டும்.

இந்த மலரை எங்கிருந்து வாசித்தாலும், உங்களோடு ஒரே வாங்கில் இருந்து இடையிலே காணாமற்போன ஒருத்தியின் பெயரை நினைத்துப் பாருங்கள். அவளைத் தேடி ஒரு வார்த்தை எழுதுங்கள். இவ்வருடம் வெளியேறும் தங்கைமாரிடம், இது வயதைக் குறிக்கும் சொல் அல்ல, வளர்ந்ததைக் குறிக்கும் சொல் என்று சொல்லுங்கள். பதிவேட்டின் புதிய பக்கங்களில் அவர்களின் பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம்.