சிறுதொழிலும் நேரம் குறித்த விளம்பரமும்

சிறுதொழில் முனைவோருக்கு வழிகாட்டும் அலுவலர்களையும் வணிகவியல் மாணவர்களையும் கருதி அமைந்த உரையின் வடிவம்

புனே நகரின் கஸ்பா பேட் பகுதியில் தாம்பட் ஆளி என்னும் தெரு உள்ளது. பேஷ்வாக்கள் காலம் தொட்டுச் செம்புக் கன்னார்கள் வாழ்ந்து தொழில் புரிந்து வரும் இடம் அது. செம்புப் பாத்திரத்தின் மேல் சுத்தியால் சீராக அடித்து, சிறு சிறு புள்ளிகளாக ஒளிரச் செய்யும் வேலை அவர்களது தனிச்சிறப்பு. இத்தகைய கைவினைஞர் இன்று பொருளைச் செய்வதோடு நின்றுவிட இயலாது. அதைப் படமெடுத்து, விவரம் எழுதி, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டியிருக்கிறது. சுத்தி பிடிக்கும் கையே கைபேசியையும் பிடிக்க வேண்டும் என்பதுதான் சிறுதொழிலின் இன்றைய நிலை.

இந்தச் சுமையைக் குறைக்கவே, பதிவுகளை முன்கூட்டியே தயாரித்து, நாளும் நேரமும் குறித்து, தாமாகவே வெளிவரச் செய்யும் செயலிகள் தோன்றின. கனடாவின் ஹூட்சூட் 2008ஆம் ஆண்டிலும், பஃபர் 2010ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் ஜோஹோ சோஷியல் என்னும் செயலியை வழங்குகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம், அவ்விரண்டிற்கும் நேரம் குறிக்கும் வசதியைக் கட்டணமின்றியே அளிக்கிறது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னர், எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்பது தெளிவாக வேண்டும்.

வேலையின் அளவு

முதலில் கணக்கிட வேண்டியது மிச்சமாகும் நேரம். எடுத்துக்காட்டாக, ஒரு தொழிலகம் மாதத்திற்கு 12 பதிவுகளை இரண்டு ஊடகங்களில் வெளியிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறைக்கும் 10 நிமிடம் எனில், 24 முறைக்கு 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம் ஆகும். அதே வேலையை மாதத்தில் ஒரே நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட முடிந்தால், மிச்சம் இரண்டரை மணி நேரம். செயலிக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தால், மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ரூ.400 செலவாகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் ஈட்டக்கூடியவருக்கே கட்டணச் செயலி இலாபமாகும். இரண்டு ஊடகங்களோடு நிற்பவருக்குக் கட்டணமில்லா வசதியே பெரும்பாலும் போதும். பல ஊடகங்களில் பல கிளைகளின் கணக்குகளை இருவர் மூவர் சேர்ந்து கவனிக்கும்போதுதான் கட்டணச் செயலியின் தேவை எழுகிறது.

கட்டணமும் வரியும்

விளம்பரத்தில் காணும் விலை முழு விலையன்று. சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்ற தொழிலகம் வெளிநாட்டுச் சேவையை வாங்கினால், 18 சதவீத வரியை வாங்குபவரே நேரடியாகச் செலுத்த வேண்டும். வழக்கமான முறையில் பதிவு பெற்றவர் அதை உள்ளீட்டு வரிக் கழிவாகப் பெறலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர் பெற இயலாது. மேலும், அட்டைகளின் வழியே மாதந்தோறும் தானாகப் பணம் செல்வதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. முதன்முறை உரிமையாளரின் கூடுதல் ஒப்புதலும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பும் தேவை. இதற்கு உட்படாத செயலியில் கட்டணம் தவறினால், பண்டிகைக்கு முதல் நாள் பதிவுகளும் தவறக்கூடும்.

பஞ்சாங்கமும் கடிகாரமும்

புனேயின் வணிகம் பண்டிகைகளைச் சார்ந்தது. குடி பாட்வா, விநாயகர் சதுர்த்தி, தசரா, தீபாவளி ஆகியவை சந்திரமான நாள்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் நாள் மாறுபவை. விநாயகர் சதுர்த்தி 2024இல் செப்டம்பர் 7ஆம் நாளிலும், 2025இல் ஆகஸ்ட் 27ஆம் நாளிலும் வந்தது. சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே மறுமுறை ஓட விட்டவரின் வாழ்த்து, விழா தொடங்கிப் பதினொரு நாட்கள் கழித்தே வெளிவந்திருக்கும்.

கடிகாரமும் கவனிக்கத்தக்கது. செயலியில் கிரீன்விச் நேரம் அமைந்திருந்தால், காலை 10 மணிக்கு எனக் குறித்த பதிவு இந்திய நேரப்படி பிற்பகல் 3.30 மணிக்கே வெளிவரும். பிற்பகலில் கடையை மூடி ஓய்வெடுப்பது புனேயின் பழைய கடைத்தெருக்களில் பெயர்பெற்ற வழக்கம். வாங்க விரும்புவோர் தொலைபேசியில் அழைக்கும்போது எடுப்பதற்கு ஆளிராது.

நிறுத்தும் அதிகாரம்

தானே இயங்கும் எதற்கும், அதை நிறுத்தக்கூடிய ஒருவர் வேண்டும். 2020ஆம் ஆண்டில் குடி பாட்வா மார்ச் 25ஆம் நாளில் வந்தது. மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் அம்மாதம் 9ஆம் நாள் புனேயில்தான் கண்டறியப்பட்டனர். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அதே மார்ச் 25ஆம் நாள்தான். "இன்று குடும்பத்துடன் கடைக்கு வாருங்கள்" என்று பிப்ரவரியில் எழுதி நேரம் குறித்து வைத்த அழைப்பு எதுவாயினும், யாரும் நிறுத்தாவிடில், வீடுகளுக்குள் அஞ்சி அடங்கியிருந்த மக்களிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கும். சிறு வணிகரின் மூலதனம் நம்பிக்கை. அதற்கு நேரும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. வாடிக்கையாளரின் மனத்தில் மட்டும் நிற்கும். ஆகவே, காத்திருக்கும் பதிவுகள் அனைத்தையும் கைபேசியிலிருந்தே ஒரே முறையில் நிறுத்தி வைக்க இயலுமா என்பது தேர்வின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும்.

வெளியேறும் வழி

எந்த ஊடகமும் செயலியும் நிலையானதன்று. 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஹூட்சூட் தன் கட்டணமில்லாத் திட்டத்தை 2023இல் முடித்துக்கொண்டது. ஆகவே, படங்கள், விவரங்கள், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றின் படி ஒன்று தொழிலகத்தின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். ஊடகத்தின் அனுமதிப் பக்கத்தின் வழியே மட்டும் இணையும் செயலியே ஏற்கத்தக்கது. கடவுச்சொல்லையே கேட்கும் செயலியைத் தவிர்க்க வேண்டும். வேலையை விட்டுச் செல்லும் பணியாளரின் அனுமதியை அன்றே நீக்கவும் வழி இருக்க வேண்டும்.

அலுவலர்களின் பங்கு

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, முதலீடு ரூ.2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் மேற்படாதவை குறுந்தொழில்களாகும். இருபது பேர் பணிபுரியும் பட்டறையும், கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் செம்புக் கடையும் இவ்வொரே பெயருக்குள் அடங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே செயலியைப் பரிந்துரைப்பது பொருந்தாது. ஆலோசனை கூறும் அலுவலர் செயலியின் பெயரிலிருந்து தொடங்காமல், தொழிலகத்தின் ஒரு வார வேலையைக் கேட்டறிந்து தொடங்குவது நலம். ஒரு மாதம் கட்டணமின்றிச் செய்து பார்த்து, மிச்சமான நேரத்தையும் வந்த விசாரணைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட பின்னரே பணம் செலவிடச் சொல்லலாம்.

நேரம் குறித்துப் பதிவை வெளியிடச் செயலியால் முடியும். "இந்தக் குடத்தின் விலை என்ன? தீபாவளிக்குள் கிடைக்குமா?" என்று கேட்பவருக்குப் பொருளறிந்து விடை கூறவேண்டியவர் அதைச் செய்தவரே. மிச்சமாகும் நேரம் அந்த விடைக்குப் பயன்படுமாயின், தேர்வு சரியானதென்று கொள்ளலாம்.