உபாலியின் பெயரால்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பௌத்தம் பேசுற நம்மில் பலருக்கு இலங்கைன்னா ஒரு மயக்கம் உண்டு. அங்கே புத்தர் இருக்கிறார், ஆகவே சாதி இருக்காது என்று நினைக்கிறோம். கண்டியில் மல்வத்தை விகாரையைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கண்டி ஏரியின் ஒரு கரையில் தலதா மாளிகை. அங்கே எந்நேரமும் கூட்டம். எதிர்க்கரையில் மல்வத்தை. சத்தமே இல்லை. கல்தூண்கள், சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை, பெருக்கிச் சுத்தமாக வைத்த முற்றம். துவராடை கட்டிய சின்னப் பையன்கள் பாடம் படிக்கிறார்கள். என்ன ஆளுங்கன்னு என்னை யாரும் கேட்கல. கோயிலுக்கு வெளியிலேயே நின்று பழகிய நமக்கு அது பெரிய விஷயம்தான், இல்லேன்னு சொல்லல.

ஆனால் அந்த உபோசத மண்டபத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான முழுத் துறவேற்பை, 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் மறுபடி தொடங்கி வைத்தார். அவரை வரவழைத்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் வழியில் வந்தவன். இப்படிப் பிறந்ததுதான் சியாம் நிகாய. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள்ளேயே, கொவிகம சாதிக்கு மட்டும்தான் உபசம்பதா என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கொவிகம என்றால் நம்மூர் வெள்ளாளர் மாதிரி, நிலத்தைக் கையில் வைத்திருக்கும் சாதி. சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை.

கொடுமை என்னன்னா, புத்தரின் சீடரான முதல் உபாலி ஒரு நாவிதர். சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாகவே அவருக்குத் துறவு கொடுத்து, அவர்களை அவர் காலில் விழ வைத்தார் புத்தர். அதே பெயர் கொண்டவர் தொடங்கிய மரபில்தான் சாதி பார்க்கிறார்கள்!

கதவுக்கு வெளியே நின்றவர்கள் கெஞ்சிக் கொண்டிருக்கவில்லை. கறுவாப்பட்டை உரிக்கும் சலாகம சாதியில் பிறந்த ஞானவிமல தேரர் 1799இல் பர்மாவுக்குக் கப்பலேறினார். அங்கே உபசம்பதா பெற்று 1803இல் திரும்பினார். அமரபுர நிகாய அப்படித்தான் உருவானது.

நம் பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அந்தத் தேரரும் சியாம் நிகாயவைச் சேர்ந்தவரே. பஞ்சசீலத்துக்குச் சாதி தடையில்லை, துவராடைக்குத்தான் தடை. உள்ளே வா, கும்பிடு, ஆனா எங்களுக்குச் சமமா உட்காராதே! அர்ச்சகர் பிரச்சினையில் நாம் எதிர்த்து நிற்பதும் இதைத்தானே?

அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பர்மிய பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்றார். அடுத்த கணமே, தன் பின்னால் நின்ற லட்சக்கணக்கான மக்களுக்குத் தானே தீட்சை கொடுத்தார். எந்த நிகாயவின் அனுமதிக்கும் அவர் காத்திருக்கவில்லை.

விகாரைகளுக்குப் போங்க தோழர்களே. அந்த அமைதியில் உட்காருங்க, அது நமக்கும் உரியது. எழுந்து வரும்போது மட்டும் ஒரு கேள்வி கேளுங்க: “எங்க சேரிப் பையன் இங்கே பிக்கு ஆகலாமா?” நாளை நாம் கட்டப்போகிற விகாரைகளிலும் பெண்கள், அருந்ததியர் என எல்லோரும் இதே கேள்வியைக் கேட்கட்டும்.

ஜெய்பீம்!