செல்போனுக்குப் பதிலாக ஒரு கதை விளையாட்டு
(கோடை விடுமுறைப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிள்ளைகளிடமிருந்து செல்போனை வாங்கி வைக்கும்படி சென்ற கூட்டத்தில் சொன்னோம். "வாங்கிவிட்டு எதைக் கொடுப்பது?" என்று ஒரு தாய் கேட்டார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைமாந்தராகி, "நான் இப்படிச் செய்கிறேன்" என்பார்கள். அதன் விதிகள் சிறுவர்க்குப் பாரம். மார்ட்டின் லாயிட் எழுதிய 'அமேசிங் டேல்ஸ்' எளிது. பிள்ளை தனக்கு நன்றாக வரும் நான்கு திறமைகளைச் சொல்லும். பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் பலிக்கும்.

பகடை என்றதும் சிலர் நெற்றி சுருங்குகிறது. பந்தயம் இல்லாவிட்டாலும் அதைத் தவிர்க்கச் சொல்லும் உலமாக்கள் பலர். ஆகவே பகடையை எடுத்துவிட்டோம். எப்படிச் செய்வேன் என்று பிள்ளை சொல்லட்டும்; பொருந்தினால் கதை நகரும், இல்லையேல் இன்னொரு சிக்கல் வரும்.

கதைக்குத் தூரம் போகவேண்டாம். 1903-இல் பாலாறு பெருகி வாணியம்பாடியில் புகுந்ததே போதும். எங்கள் வீட்டில் ஆடினோம். பேரன் படகுக்காரன். வெள்ளத்தில் ஒரு கிழவி, அவள் ஆடு. படகில் ஒருவருக்கே இடம். ஆட்டை விட்டுவிடலாம் என்றான். ஐந்து வயதுப் பேத்தி விடவில்லை. "தோல் பையில காத்து ஊதி ஆட்டுக்குக் கட்டுவோம், மிதக்கும்" என்றாள். தோல் ஊர்ப் பிள்ளை அல்லவா!

வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் ஆடிக் காட்டுகிறோம். தாய்மாரை மட்டும் அனுப்பாமல் தகப்பன்மாரும் வாருங்கள்.